ஜூனியருக்கு யார் படியளப்பது?

(வழக்கறிஞர்களும் சட்ட மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 2025 மே 20 அன்று அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. உரிமையியல் நீதிபதி பதவிக்கு, அதாவது நீதித்துறையின் முதல் படிக்கு விண்ணப்பிக்கிறவர், குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்றது. விதி பழையதுதான். 1993இல் இதே சங்கத்தின் வழக்கில் வந்தது. ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002இல் கைவிடப்பட்டது. திறமையான பட்டதாரிகள் மூன்று வருடம் காத்திருக்காமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது அன்று சொன்ன காரணம். நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்றே பார்த்திராத ஒருவர் படித்து முடித்த கையோடு நீதிபதி நாற்காலியில் அமர்வது கட்சிக்காரர்களுக்கு நல்லதில்லை என்பது இன்று சொல்லும் காரணம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. அந்த விதி சரியா தவறா என்று நான் இங்கே வழக்காட வரவில்லை. அந்த மூன்று ஆண்டும் அந்த இளைஞர் எதை வைத்துச் சாப்பிடுவார், எங்கே வாடகைக்கு இருப்பார் என்பதுதான் என் கேள்வி. ஜூனியருக்குப் பணம் தருவதும் தராததும் சீனியரின் மனசைப் பொறுத்தது, அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம் என்று இத்தனை காலம் நாம் ஒதுக்கிவைத்திருந்தோம். ஒரு பொதுப் பதவிக்கு அந்த மூன்று ஆண்டுகளையே நுழைவுத் தகுதியாக வைத்துவிட்ட பிறகு அப்படி ஒதுக்க முடியாது. சம்பளமில்லாத மூன்று ஆண்டு இப்போது அந்தப் பதவிக்கு வாங்கப்படும் கட்டணமாகிவிட்டது. அதைக் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை நீதிபதி ஆகலாம், கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை ஆக முடியாது. இந்த ஒரு வாதத்தைத்தான் இன்று வைக்கப்போகிறேன்.

முதலில் ஜூனியரின் வேலை என்ன, அது எத்தனை மணி நேரம் என்று பார்ப்போம். சென்னை உயர் நீதிமன்றத்தில் காலை பத்தரைக்கு நீதிபதிகள் அமர்கிறார்கள், நாலேமுக்காலுக்கு எழுகிறார்கள். ஜூனியரின் நாள் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சேம்பரில் தொடங்கிவிடுகிறது. அன்றைய காஸ் லிஸ்டில் சீனியரின் வழக்கு எந்தெந்தக் கோர்ட்டில் எத்தனையாவது என்று குறித்து, கட்டுகளைப் பிரித்து அடுக்கி, எதில் வாய்தா வாங்க வேண்டும், எதில் பாஸ் ஓவர் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு ஓட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று கோர்ட்டில் பெயர் கூப்பிடப்படும் சீனியர் ஒரு கோர்ட்டில்தான் நிற்க முடியும். மற்ற இரண்டிலும் நின்று சமாளிப்பது ஜூனியர். இடையில் செக்‌ஷனில் ரிட்டர்ன் ஆன மனுவைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வது, நம்பர் ஆயிற்றா என்று பார்ப்பது, நகல் மனு போடுவது, எதிர்த்தரப்புக்கு நகல் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கு மறுபடி சேம்பர். கட்சிக்காரர்கள் வருவார்கள், அபிடவிட் தயாராகும், மறுநாள் வழக்குக்கு முன்தீர்ப்பு தேட வேண்டும். ஒன்பதரை, பத்து மணி ஆகும். சனிக்கிழமை சேம்பருக்கு விடுமுறை கிடையாது. கட்சிக்காரர் வெளியூர்க்காரராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு 60 மணி நேரத்தைச் சாதாரணமாகத் தொடுகிற வேலை இது. மாதத்துக்குச் சுமார் 260 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனியர் 5,000 ரூபாய் தந்தால் மணிக்கு 19 ரூபாய். சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்ன குறைந்தபட்சத் தொகைகளில் பெரியதான 20,000 ரூபாயைத் தந்தாலும் மணிக்கு 77 ரூபாய்தான். அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு "இவ்வளவா?" என்று திகைக்கிறவர்கள் இந்த வகுத்தல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இந்த வேலைக்குச் சம்பளம் என்ற ஒன்று ஏன் உருவாகவே இல்லை? சீனியர்களின் கருமித்தனம் என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. காரணம் சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. 1961இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களில் மூன்றைப் பாருங்கள். அந்த ஆண்டின் 25ஆம் சட்டம் வழக்கறிஞர்கள் சட்டம். டிசம்பரில் வந்த 52ஆம் சட்டம் தொழிற்பழகுநர் சட்டம், அடுத்த எண் 53 மகப்பேறு நலச் சட்டம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை பழகுகிற ஐடிஐ பையனுக்குப் பழகும் காலத்தில் உதவித்தொகை உண்டு, வேலைநேரத்துக்கு வரம்பு உண்டு என்று 52ஆம் சட்டம் சொல்லிற்று. வேலை பார்க்கும் பெண்ணுக்குப் பிரசவக் காலத்தில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று 53ஆம் சட்டம் சொல்லிற்று. இரண்டும் வழக்கறிஞரின் சேம்பர் வாசலில் நின்றுவிட்டன. இதில் வேடிக்கை, 25ஆம் சட்டமும் முதலில் பயிற்சியைப் பற்றிப் பேசியதுதான். பட்டம் வாங்கியவர் ஒரு பயிற்சியை முடித்து, தேர்வும் எழுதிய பிறகுதான் பதிவு செய்துகொள்ளலாம் என்று அதன் 24ஆம் பிரிவில் இருந்தது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியது. 1995இல் இந்திய பார் கவுன்சில் விதி போட்டு ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. நாடாளுமன்றம் வேண்டுமென்றே நீக்கியதை விதியால் நுழைக்க முடியாது என்று 1999இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு 2010இல் அகில இந்திய பார் தேர்வு வந்தது. 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. ஆக இன்று தேர்வு சட்டப்படி இருக்கிறது, பயிற்சி சட்டப்படி இல்லை. ஆனால் பயிற்சி இல்லாமல் யாரும் வழக்கறிஞர் ஆவதும் இல்லை. சட்டம் காலி செய்த அந்த இடத்தில் சீனியரின் சேம்பர் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு விதி இல்லை, நேரம் இல்லை, தொகை இல்லை.

இதோடு இன்னொரு முடிச்சும் உண்டு. பார் கவுன்சில் விதிகளில் 49ஆம் விதி, தொழில் செய்யும் வழக்கறிஞர் எவரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்கிறது. வழக்கறிஞரின் சுதந்திரத்தைக் காக்க வந்த நல்ல விதி. ஆனால் ஜூனியர் ஊழியர் இல்லை என்று ஆகிவிட்டதால் ஊழியருக்கான எந்தச் சட்டமும் அவரைத் தொடுவதில்லை. வழக்கறிஞர் அலுவலகம் வணிக நிறுவனம் ஆகாது, கடைகள் நிறுவனங்கள் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1984இல் கேரளத்திலிருந்து போன சசிதரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் கேட்டு நின்றவர் ஜூனியர்கூட இல்லை, அலுவலகக் குமாஸ்தா. அதற்கு ஆறு ஆண்டு முன்பு, பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ண அய்யர், தொழில்முறை அலுவலகங்களும் தொழிலாளர் சட்டத்தின் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரலாம் என்று கதவைத் திறந்தார். ஒற்றை உதவியாளரை வைத்துக்கொண்டு தனியே தொழில் நடத்தும் வழக்கறிஞரைப் போன்றவர்களுக்கு விலக்குக் கொடுத்தார். கூலி வேலைக்காரனின் உரிமைக்காக இந்த நாட்டின் நீதிமன்றங்களில் நடந்த பெரிய வழக்குகளையெல்லாம் வாதாடி வென்றவர்கள் வழக்கறிஞர்கள்தான். 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்ற தீர்ப்பை வாங்கித் தந்ததும் அவர்கள்தான். அந்த வழக்குகளுக்கான கட்டைச் சுமந்து பின்னால் நின்ற ஜூனியருக்கு என்ன கிடைத்தது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியிருக்காது.

சட்டம் படித்தால் லட்சக்கணக்கில் சம்பளம் என்று விளம்பரம் செய்கிறார்களே என்று மாணவர்கள் கேட்கலாம். அதுவும் பொய் இல்லை. மும்பை, டெல்லி, பெங்களூரின் முதல்வரிசைச் சட்ட நிறுவனங்கள் புதிதாகச் சேருகிறவருக்கு ஆண்டுக்கு 15 லட்சத்துக்கு மேல் தருகின்றன. நள்ளிரவு தாண்டியும் வேலை வாங்குகின்றன என்பது வேறு கதை. ஆனால் அந்த இடங்கள் மிகக் குறைவு; பெரும்பாலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலிருந்தே நிரம்புகின்றன; அங்கே நுழைய ஆங்கிலத்தில் எழுதும் கிளாட் தேர்வு வேண்டும், அதற்குப் பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் வேண்டும். தருமபுரியிலோ ராமநாதபுரத்திலோ அரசு சட்டக் கல்லூரியில் படித்து வருகிற பெண்ணுக்கு அந்தக் கதவு பெயரளவில்தான் திறந்திருக்கிறது. அது போகட்டும். கூட்டு நிறுவன ஒப்பந்தங்களை எழுதுவதும் நல்ல வேலைதான். ஆனால் நிலத் தகராறு, ஜீவனாம்சம், விபத்து இழப்பீடு, ஜாமீன் என்று இந்த நாட்டின் சாதாரண மனிதன் நீதிமன்றப் படியேறும் வழக்குகளை அவர்கள் நடத்துவதில்லை. நம் பேச்சு அந்தப் படிகளில் நிற்கிறவர்களைப் பற்றியது.

நீதிமன்ற வழியில் முன்னேற்றம் என்பது முழுக்க முழுக்க ஆண்டுக் கணக்கில் அளக்கப்படுகிறது. உரிமையியல் நீதிபதிக்கு மூன்று ஆண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உதவி அரசு வழக்கறிஞர் தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஐந்து ஆண்டு. நேரடியாக மாவட்ட நீதிபதி ஆக அரசியலமைப்பின் 233ஆம் உறுப்பு ஏழு ஆண்டு கேட்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 217ஆம் உறுப்பின்படி பத்து ஆண்டு. எல்லா ஏணிக்கும் முதல் படி ஒன்றே. அந்த முதல் படியில் கால் வைத்து மூன்று வருடம் நிற்க முடியாதவர் எந்த ஏணியிலும் ஏற முடியாது. யார் நிற்க முடிவதில்லை? அப்பாவோ சித்தப்பாவோ வக்கீலாக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்குச் சேம்பர் காத்திருக்கிறது, கட்சிக்காரர் காத்திருக்கிறார். சம்பளம் இல்லாவிட்டாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கி, சென்னையில் நாலு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு, ஊரிலிருந்து பணம் வருவதற்குப் பதில் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவராக இருக்கிறவர் ஆறு மாதத்தில் ஏதாவது வங்கியின் கடன் வசூல் பிரிவிலோ, காப்பீட்டு நிறுவனத்திலோ போய் உட்கார்ந்துவிடுகிறார். 2021இல் தலைமை நீதிபதியாக இருந்த ரமணா, நாட்டில் பதிவு செய்த 17 லட்சம் வழக்கறிஞர்களில் பெண்கள் 15 விழுக்காடுதான் என்றார். சட்டக் கல்லூரி வகுப்புகளில் பெண்கள் எத்தனை பேர் என்று இங்கே இருக்கும் மாணவர்கள் தங்கள் வகுப்பையே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்குச் சேம்பரிலிருந்து கிளம்பி விடுதிக்குப் போக ஆட்டோவுக்குக் கொடுக்கவும் பணமில்லாத வேலையில் வீட்டார் எத்தனை நாள் பெண்ணை விட்டுவைப்பார்கள்? அரசு கட்டிய கல்லூரியில், அரசு மானியத்தில் ஐந்து ஆண்டு படிக்கவைத்து, தொழிலின் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இனி உன் பாடு என்று திரும்பிப் போய்விடுகிறோம்.

நீதிமன்றங்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், பதிவுக் கட்டணம் என்ற பெயரில் மாநில பார் கவுன்சில்கள் பல ஆயிரம் ரூபாய் வாங்குவது சட்டவிரோதம், சட்டத்தில் எழுதியிருக்கும் 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று கௌரவ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய மாதம், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு, சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று அதே தொகைகளைச் சொல்லி நாடு முழுமைக்கும் சுற்றறிக்கை விட்டது. ஆனால் அது பரிந்துரைதான், கட்டாயம் இல்லை என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்லிவிட்டது. தரவில்லையென்றால் ஜூனியர் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாமாம். சீனியர் மீது புகார் கொடுத்த ஜூனியரை அதே வளாகத்தில் வேறு எந்தச் சேம்பர் சேர்த்துக்கொள்ளும் என்று சுற்றறிக்கையை எழுதியவர்கள் யோசித்தார்களா, தெரியவில்லை. அரசுகளும் தம் பங்குக்குச் சிறு தொகைகளை அறிவித்தன. கேரளம் 2018இல் 5,000 ரூபாய் வரை என்றது. ஆந்திரம் 2019இல் லா நேஸ்தம் என்ற பெயரில் மாதம் 5,000 என்றது. தமிழ்நாடு 2020இல் மாதம் 3,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு என்றது. நல்ல எண்ணம்தான். சென்னையில் அறை வாடகையில் பாதிக்குக்கூடக் காணாது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, எல்லாச் சீனியரும் சொல்வது: ஜூனியர் தொழில் கற்றுக்கொள்கிறார், கற்பதே கூலி, நாங்களும் பட்டினி கிடந்துதான் வந்தோம். கற்றுக்கொள்கிறார் என்பதில் சந்தேகமில்லை. ஹவுஸ் சர்ஜனும் கற்றுக்கொள்கிறார், அவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று மருத்துவ ஆணைய விதி சொல்கிறது. பட்டயக் கணக்காளரிடம் ஆர்டிகிள் பழகும் மாணவரும் கற்றுக்கொள்கிறார். அவருக்குத் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகையை ஊரின் மக்கள்தொகைக்கேற்பப் பிரித்து அவர்கள் ஒழுங்குமுறை விதியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தொகை சொற்பம் என்று அந்த மாணவர்கள் குறைப்படுவது வேறு; தர வேண்டுமா என்ற கேள்வி அங்கே இல்லை. மேலும், கற்பது ஒரு பக்கம் என்றால் உழைப்பது இன்னொரு பக்கம். மூத்த வழக்கறிஞராக உயர் நீதிமன்றம் அறிவித்த ஒருவர் தானே வக்காலத்துப் போட முடியாது, உடன் ஒரு வழக்கறிஞர் இல்லாமல் கோர்ட்டில் நிற்க முடியாது என்பது பார் கவுன்சிலின் விதி. அதாவது தொழிலின் உச்சியில் இருப்பவருக்கு இன்னொரு வழக்கறிஞரின் உழைப்பு சட்டப்படியே தேவைப்படுகிறது. பட்டினி கிடந்த கதையைப் பொறுத்தவரை, அந்தப் பட்டினியைத் தாங்கியவர்கள்தான் இன்று சீனியராக இருந்து அதைச் சொல்கிறார்கள். தாங்க முடியாமல் போனவர்கள் இந்த அவையில் இல்லை, அவர்கள் கதையை யாரும் கேட்கவில்லை. அன்றைய பட்டினிக்குப் பின்னால் பல நேரம் ஊரில் நிலமும், மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ சோறு போட ஓர் உறவுக்காரர் வீடும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. தாலுகா ஊரில் முன்சீப் கோர்ட்டில் தொழில் செய்யும் சீனியருக்கே மாதம் 40,000 ரூபாய் நிச்சயமாக வருமா? அவர் எங்கிருந்து 15,000 தருவார்? தரச் சொன்னால் ஜூனியரையே வைத்துக்கொள்ள மாட்டார். இதற்கு "மனசிருந்தால் மார்க்கம்" என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தச் சீனியரின் கஷ்டம் உண்மை. இங்கேதான் இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு உதவும். நம் பார் அமைப்பு அங்கிருந்து வந்தது. அங்கும் பாரிஸ்டர் சொந்தமாகத் தொழில் செய்கிறவர், யாருடைய ஊழியரும் இல்லை. பயிற்சிக் காலப் பாரிஸ்டருக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்துமா என்று எட்மண்ட்ஸ் என்ற பயிற்சிப் பாரிஸ்டர் வழக்குப் போட்டார். முதல் கோர்ட் பொருந்தும் என்றது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பொருந்தாது என்று திருப்பிவிட்டது. வழக்கில் தோற்றாலும் விவாதம் நின்றுவிடவில்லை. 2003 முதல் எந்தச் சேம்பரும் ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்குக் குறைவாகக் கொடுத்துப் பயிற்சிக்கு ஆள் எடுக்கக் கூடாது என்று பார் அமைப்பே விதி போட்டது. பின்னாளில் அந்தத் தொகை வாழ்வாதார ஊதியக் கணக்கோடு இணைக்கப்பட்டு, லண்டனுக்கு ஒன்று, வெளியூருக்கு ஒன்று என்று ஆண்டுதோறும் உயர்கிறது. பயிற்சி இடங்கள் குறைந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை, குறையத்தான் செய்தன. பயிற்சி முடிந்த பிறகு வருகிற வறுமையையும் அந்த விதி தீர்க்கவில்லை. அரசு தரும் கட்டணம் போதாதென்று 2022இல் அங்கே குற்றவியல் பாரிஸ்டர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். ஆனால் ஒன்று நடந்தது. சேம்பர் என்பது தனிமனிதரின் வருமானத்தைப் பொறுத்ததாக இல்லாமல், பலர் சேர்ந்து ஒரு பயிற்சியாளருக்கான செலவைப் பகிர்வதாக ஆயிற்று. பொறுப்பைத் தனி ஆள் தலையில் வைத்தால்தான் தாலுகா சீனியர் திணறுவார். பொறுப்பைப் பொதுவில் வைத்தால் திணற வேண்டியதில்லை.

பொதுவில் வைக்க நமக்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 1987ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வழக்கறிஞர் நலநிதிச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வக்காலத்திலும் நலநிதி ஸ்டாம்ப் ஒட்டுகிறோம். அதில் சேரும் பணத்திலிருந்து இறந்துபோன வழக்கறிஞரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இறந்த பிறகு குடும்பத்தைக் காக்க ஒரு சமூகமாக நம்மால் பணம் சேர்க்க முடிகிறது. தொழிலைத் தொடங்குகிறவரைக் காக்கவும் இதே வழியில் சேர்க்க முடியும். கோடிக்கணக்கில் மதிப்புள்ள வணிக வழக்கின் வக்காலத்துக்கும், கணவனிடம் ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணின் வக்காலத்துக்கும் ஒரே ஸ்டாம்ப் என்று இருக்க வேண்டியதில்லை. வழக்கின் மதிப்புக்கேற்ப முன்னதில் கூட்டி, பின்னதில் தொடாமல் விடலாம். மூத்த வழக்கறிஞர் என்ற பட்டம் பெற்றவர்களிடம் ஆண்டுச் சந்தா வாங்கலாம். 15,000 வீதம் மூன்று ஆண்டுக்கு ஒருவருக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதில் சீனியர் தன்னால் இயன்ற பங்கைத் தர, மீதியை நிதி தர, சென்னையின் பெரிய சேம்பர்கள் முழுத் தொகையையும் தாமே தர வேண்டும் என்று வகைப்படுத்தலாம். கட்சிக்காரர் தலையில் சுமை ஏறாதா என்று கேட்டால், பெரிய வழக்கு நடத்துகிறவர் தலையில் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். அவர் சீனியருக்கு ஒரு நாள் ஆஜராவதற்குக் கொடுக்கும் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது கண்ணுக்கே தெரியாது.

மூன்றாவதாக, இப்போதே சட்டப் பட்டதாரிகள் அளவுக்கு மீறி வருகிறார்கள், எல்லாருக்கும் படியளக்க முடியுமா என்கிறார்கள். கல்லூரிகளின் தரத்தைப் பற்றிய கவலையாக இருந்தால் அது கல்லூரிக்கு அனுமதி தருகிற பார் கவுன்சிலிடம் சொல்ல வேண்டிய கவலை. ஆள் அதிகம் என்பதற்காகப் பசியை வடிகட்டியாக வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. பசி திறமையைப் பார்த்து வடிகட்டுவதில்லை, வீட்டு வசதியைப் பார்த்து வடிகட்டுகிறது. இன்னும் ஒன்று: ஆள் அதிகம் என்று சொல்கிற இதே நாட்டில் விசாரணைக் கைதிகளுக்கு உருப்படியான வழக்கறிஞர் கிடைப்பதில்லை. தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2022இல் கொண்டுவந்த சட்ட உதவி எதிர்வாத வழக்கறிஞர் திட்டம் இதற்கு ஒரு நல்ல விடை. மாவட்டந்தோறும் முழுநேர அலுவலகம். தலைமை, துணை, உதவி என்று மூன்று நிலை. மாதந்தோறும் நிலையான மதிப்பூதியம். உதவி நிலைக்குத் தொழிலில் மூன்று ஆண்டைத் தாண்டாதவர்களும் வரலாம். அரசுப் பணத்தில், சம்பளத்தோடு, ஏழையின் வழக்கை நடத்திக்கொண்டே தொழில் கற்கும் இடம் அது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்த உதவி நிலை இடங்களைப் பல மடங்காக்கினால், சீனியரே கிடைக்காத முதல் தலைமுறை இளைஞருக்கு அதுவே சேம்பர் ஆகிவிடும்.

கடைசியாக, நடைமுறை பற்றி ஒரு யோசனை. 2025 தீர்ப்பின்படி, மூன்று ஆண்டு தொழில் செய்ததற்கு அத்தாட்சியாக அந்த நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலரின் சான்றிதழோ, பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவரின் சான்றிதழோ வேண்டும். வழக்கறிஞர் தரும் சான்றிதழுக்கு முதன்மை நீதித்துறை அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். கொஞ்சம் யோசித்தால் இது ஜூனியரின் கையை இன்னும் இறுக்கிக் கட்டுகிறது என்பது புரியும். சம்பளம் தராத சீனியரையே மூன்று வருடம் கழித்துச் சான்றிதழுக்காக அணுக வேண்டியிருக்கும் என்ற பயத்தில் அவர் வாயைத் திறக்க மாட்டார். அதே சான்றிதழைத் திருப்பிப் போட்டால் பலன் மாறும். படிவத்தில் ஒரு பத்தியைச் சேர்க்க வேண்டும்: இவர் என்னிடம் இன்ன தேதியிலிருந்து ஜூனியராக இருந்தார், மாதந்தோறும் இன்ன தொகை வங்கிக் கணக்கு வழியாகக் கொடுத்தேன், நலநிதியிலிருந்து இன்ன தொகை வந்தது. கூடவே வங்கிக் கணக்கின் நகல். சீனியர் தொகை தரவில்லை என்றால் ஜூனியரின் தகுதி பறிபோகக் கூடாது; அந்த மூன்று ஆண்டும் அவருக்குக் கணக்கில் வர வேண்டும், சீனியர் மட்டும் அடுத்த ஐந்து ஆண்டுக்கு யாருக்கும் சான்றிதழ் தரும் தகுதியை இழக்க வேண்டும். கொடுத்ததுபோல் காட்டிவிட்டுக் கையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களே என்று சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. வாங்குவார்கள், சிலர். ஆனால் கொடுத்தது வருமான வரிக் கணக்கில் செலவாக ஏறும், ஜூனியரின் கணக்கில் வருமானமாக ஏறும். இரண்டு பேரின் கணக்கிலும் ஆண்டுதோறும் ஏறுகிற ஒரு பொய்யை மூன்று வருடம் கட்டிக்காப்பதைவிட உண்மையாகவே கொடுத்துவிடுவது பல சீனியர்களுக்குச் சுலபமாகப் படும். படிவத்தைத் திருத்த நாடாளுமன்றம் கூட வேண்டாம். ஒவ்வொரு மாநிலமும் உயர் நீதிமன்றத்தோடு கலந்து தன் நீதித்துறைப் பணி விதிகளைத் தீர்ப்புக்கேற்ப மாற்ற வேண்டும் என்று 2025 தீர்ப்பே உத்தரவிட்டது; அந்த விதிகளில் இந்தப் பத்தியையும் சேர்க்கும்படி கேட்டு மனுக் கொடுக்க, இந்த அவையில் இருக்கும் வழக்கறிஞர் சங்கப் பொறுப்பாளர்களே போதும்.